புது ரம்பமும் என் இடக்கையும்

ரொம்ப நாள் வரை எங்கள் வீட்டில் செய்த கிதார் ஒன்றுகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. பாலிஷ் ஏறி, கம்பி கட்டியதும் படி இறங்கிவிடும். விலைக்குப் போனவற்றைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, அது பிழைப்பு. ஆனால் எனக்கென்று சொல்லிச் செய்ததே இரண்டு தடவை அடுத்தவர் வீட்டுக்குப் போனது. அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தீரவே இல்லை.

இதெல்லாம் அறுபதுகளில், நாங்கள் எங்கள் பனியன் ஊரில் ராயபுரத்தில் குடியிருந்தபோது. வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட பட்டறை ஒன்று. என் வீட்டுக்காரர் அதில் விசைத்தறிகளுக்கு வேண்டிய மரச்சாமான்கள் செய்வார். சாமளாபுரத்துத் தறிக்காரர்கள் உடைந்த கட்டைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை எங்கள் சர்ச் கிதார் கீழே விழுந்து முதுகு பிளந்துபோனது. மரவேலை தெரிந்தவர்தானே என்று இவரிடம் கொடுத்தார்கள். ஒட்டுவதற்காக அதைப் பிரித்தவர், உள்ளே ஒட்டியிருந்த சின்னச் சின்னக் குச்சிகளையும், விரலால் தட்டினால் பேசுகிற மெல்லிய பலகைகளையும் பார்த்துச் சொக்கிப் போய்விட்டார். அதே மாதிரி ஒன்று செய்தார். பிறகு இன்னொன்று. கோயமுத்தூரில் வாத்தியக் கடை வைத்திருந்த ஒருவர் பார்த்துவிட்டு, செய்யச் செய்யக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் தறிக்கட்டை சோறு போட்டது, கிதார் சோற்றை ஆறவைத்தது. கூப்பிட்டால் வரமாட்டார்.

அவருக்குக் கை உண்டு, காது கிடையாது. சர்ச்சில் எல்லாரும் ஒரு பாட்டைப் பாடும்போது இவர் மட்டும் வேறு பாட்டைப் பாடுவது போலிருக்கும். ஆகவே, செய்த கிதாருக்குக் கம்பியை முறுக்கிச் சுதி சேர்ப்பது என் வேலை. நான் படித்த பள்ளிக்கூடத்து விடுதியில் பழைய கிதார் ஒன்று சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதை எடுத்து நானாகவே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன். நான் இடக்கைக்காரி. அதனால் கிதாரைத் திருப்பிப் பிடிப்பேன். மேலே இருக்கவேண்டிய தடித்த கம்பி கீழே போய்விடும், கீழே இருக்கவேண்டிய மெல்லிய கம்பி மேலே வந்துவிடும். அப்படித் தலைகீழாகவே ஞானப்பாட்டு எல்லாம் வாசிக்கப் பழகிவிட்டேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சுதி சேர்த்து, ஒரு பாட்டு வாசித்துப் பார்த்து, துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பும்போது ஒவ்வொரு தடவையும் மனது அடித்துக்கொள்ளும். இவருக்கு அது தெரியும். "அடுத்தது உனக்குத்தான் அம்மிணி" என்பார். அப்படி எனக்காகச் செய்த முதல் கிதாரை சர்ச் பாட்டுக் குழுவை நடத்தும் வாத்தியார் வந்து பார்த்தார். "கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்தர்றனுங்க" என்று வாங்கிப் போனார். கிணற்றில் போட்ட கல்தான். இரண்டாவதைப் பெருமாநல்லூர்ச் சொந்தக்காரர் ஒருவர் தன் மகனுக்கு ஆசையாகக் கேட்டார். இவர் தலையாட்டிவிட்டார். இல்லை என்று சொல்ல இவருடைய வாய்க்கு வராது. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும் என்று நான் சண்டைக்குப் போனால், "கேட்டுப்போட்டாங்களே, என்ன பண்றது?" என்று உளியைத் தீட்டத் தொடங்கிவிடுவார்.

எனக்கான மரம் ஒன்று வீட்டிலேயே இருந்தது. என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை. கட்டிலின் காலும் சட்டமும் மட்டமான மரம், கறையான் தின்றுவிட்டது. தலைமாடு மட்டும் அசல் ஈட்டி மரம். ஒரு சாண் அகலம், கட்டைவிரல் கனம், இருட்டுக்குள் நெருப்பு ஓடுவது போல வரிகள். அதை நிறுத்திவைத்து, கனத்தின் நடுவில் இரண்டு ஏடாக அறுத்து, புத்தகம் போல விரித்து ஒட்டினால் ஒரு கிதாருக்கு முதுகாகும். அப்படிப்பட்ட பலகை எங்களிடம் அது ஒன்றுதான். கோணலாக அறுத்தால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் பிய்ந்து, அடுப்புக்குத்தான் ஆகும்.

அதனால்தான் அதைப் பரணில் போட்டு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். ஏனென்றால் அந்நாளில் எங்கள் வீட்டில் பலகை அறுப்பது என்றால், அவர் ஒரு முனையிலும் நான் மறுமுனையிலும் நின்று இழுக்கும் ரம்பம்தான். அவர் வலக்கையால் இழுப்பார், நான் இடக்கையால் இழுப்பேன். ரம்பம் கோட்டை விட்டு விலகும். உடனே ஆரம்பித்துவிடுவார்.

"உன்ற பீச்சாங்கை இழுக்கற இழுப்புல மரம் சாயுது, பாரு."

"ஏனுங்க, உங்க சோத்தாங்கை மட்டும் ரொம்ப யோக்கியமுங்களா?"

இப்படியே பேசிப் பேசி ஒரு பலகையை அறுத்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் தோள் கழன்றுவிடும், பேச்சும் நின்றுபோகும். மரக்கடை மிஷினில் கொடுக்கலாமென்றால், அது அடிமரம் பிளக்கிற ரம்பம். எங்கள் பலகையை அதில் விட்டால் பாதி தூளாகப் போய்விடும். சின்னதாக, மெல்லிய பட்டையுள்ள பேண்ட் சா வாங்கினால்தான் என் பலகை பரணிலிருந்து இறங்கும் என்று ஒரே பிடியாக நின்றேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர் நகர்ந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோயமுத்தூரிலிருந்து மிஷின் வந்து இறங்கியது.

மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற பல் வைத்த இரும்புப் பட்டை, நடுவில் மரத்தை வைத்துத் தள்ள ஒரு மேசை. பச்சைப் பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. அதைப் பூட்டி நிறுத்த என் தம்பி வந்திருந்தான். அவன் பனியன் கம்பெனியில் பின்னல் மிஷின் ஃபிட்டர். பின்னல் மிஷினுக்கு எண்ணெய்தான் உயிர். ஊசி ஒன்று காய்ந்தாலும் துணியில் ஓட்டை விழும். அவன் பார்க்கிற எதற்கும் எண்ணெய் விட்டுப் பழகியவன், எங்கள் வீட்டுக் கதவுக் கீல் முதல் என் தையல் மிஷின் வரை. இதை மட்டும் விடுவானா? போதகர் ஜெபம் பண்ண வருவதற்குள் எண்ணெய்க் கேனை எடுத்து, விட வேண்டிய இடம், விடக்கூடாத இடம் எல்லாவற்றிலும் விட்டு, பனியன் வேஸ்ட் துணியால் பளபளவென்று துடைத்துவைத்தான். சக்கர விளிம்பில் பட்டை வழுக்காமலிருக்க ரப்பர் ஒட்டியிருப்பார்கள். அந்த ரப்பருக்கும் ஒரு பூச்சு.

போதகர் வந்து ஜெபித்தார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் முருக பக்தர், புது மிஷினை வெறும் ஜெபத்தோடு விட அவருக்கு மனமில்லை. பழனி விபூதியும், சந்தனமும், ஒரு எலுமிச்சம்பழமுமாக வந்துவிட்டார். "நீங்க உங்க சாமிய வேண்டிக்கோங்க, நாங்க எங்க சாமிய வேண்டிக்கறோமுங்க. கரண்டு ஒண்ணுதானுங்களே?" என்றார். போதகரும் சிரித்துவிட்டார். இவர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. அடுத்த நொடி பட்டை சக்கரத்திலிருந்து வழுக்கி விழுந்து, சக்கரங்களை மூடியிருந்த இரும்புப் பெட்டிக்குள் 'டமார்' என்றது. நல்ல வேளை, பெட்டிக் கதவு மூடியிருந்தது. எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். போதகர் இன்னொரு தடவை ஆமென் சொன்னார்.

"கண்ணு பட்டுப் போச்சுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கண்ணும் படவில்லை, மூக்கும் படவில்லை. சுவிட்சை அணைத்துக் கதவைத் திறந்து ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன். என் விரலே வழுக்கியது. தம்பி மெதுவாக எண்ணெய்க் கேனை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"எண்ண பாக்காத மிசினு ஏதுங்கக்கா?" என்றான், அழாத குறையாக.

மண்ணெண்ணெய் போட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று இவர் பயந்தார். எண்ணெயைப் போக்க நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே? சீயக்காய் கரைத்துக் கொண்டுவந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம்.

"ஏனம்மிணி, ஆம்பள மிசினுன்னா நாளைக்குச் சனிக்கெழமைல்ல குளிக்க வெக்கோணும்? பொம்பள மிசினுன்னாத்தான் இன்னிக்கு."

"பொம்பளதானுங்க. வந்ததும் வராததுமா எங்க ஊட்டுக்காரரு பேச்சக் கேக்க மாட்டேங்குது பாருங்க" என்றேன்.

இரண்டு சக்கரத்தையும் கழற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மத்தியானம் மறுபடி பூட்டினார்கள். இந்த முறை பட்டை ஒழுங்காக ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் விடவில்லை, முதலில் எலுமிச்சம்பழத்தைத்தான் அறுக்க வேண்டும் என்றார். அறுத்தோம். சாறு தெறித்து நேராகத் தம்பி கண்ணில் போய் விழுந்தது. இத்தனை பேர் நிற்க, எண்ணெய் விட்டவனை அது எப்படிக் கண்டுபிடித்தது என்று இன்றுவரை பேசிக்கொள்கிறோம்.

பிறகுதான் உண்மையான வேலை. மேசை மேல், பட்டைக்குப் பக்கத்தில் இவர் ஒரு நேர்ப்பலகையை இறுக்கிவைத்தார். அறுக்க வேண்டிய மரத்தை அதில் அணைத்துத் தள்ளிக்கொண்டே போனால் சீரான கனத்தில் ஏடு வரவேண்டும். வழிப்பலகை என்போம். என் ஈட்டிப் பலகையைத் தொடுமுன் பழகிப் பார்க்க ஒரு பலாப்பலகையை எடுத்தார். மூலைமட்டம் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வழிப்பலகையை நேரோ நேராக வைத்தார். தள்ளினார். முதல் முழம் நன்றாகப் போனது. அப்புறம் பட்டை வளைந்து, கோட்டை விட்டு இடப்பக்கமாக நகர்ந்தது. பலகையின் வால் பக்கம் வந்தபோது ஒரு ஏடு தோசைக் கனம், மற்றது இட்லிக் கனம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அது என் பலகைக்குக் கெட்ட செய்தி என்பதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

"ஏனுங்க, இது யாரோட பீச்சாங்கைங்க?" என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் சிரிக்கவில்லை. பட்டையை இன்னும் இறுக்கினார். மிஷின் காலுக்குக் கீழே ஆப்பு வைத்தார். தரை கோணல் என்றார், கரண்டு சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். எத்தனை பலகையைத் தள்ளினாலும் பட்டை இடப்பக்கமே போனது. கடைசியில் மிஷின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, "திங்கக்கெழம வண்டியேத்தித் திருப்பி அனுப்பிப்போடலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷின் போனால் பழைய ரம்பம், பழைய சண்டை. என் பலகை பரணிலேயே கிடக்கும். இவர் எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார், கிதார்கள் போய்க்கொண்டே இருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை, வேலைக்குப் போனேன். ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை எனக்கு. வெட்டு மேசையில் பொம்பளை நிற்பது அப்போது அபூர்வம். கட்டிங் மாஸ்டர் மேசையின் அந்தப் பக்கம் நின்று வலக்கையால் வெட்டுவார், நான் எதிர்ப்பக்கம் நின்று இடக்கையால் வெட்டுவேன். ஒருத்தர் கை ஒருத்தர்மேல் இடிக்காது. என் இடக்கையை ஊரெல்லாம் குறை சொன்னபோது, அது வசதி என்று சொன்ன ஒரே இடம் அந்த மேசைதான்.

பின்னல் துணிக்கு ஒரு குணம் உண்டு. மிஷினிலிருந்து குழாய் போல இறங்கும்போதே லேசாக முறுக்கிக்கொண்டுதான் இறங்கும். விளிம்பைப் பார்த்து நேராக மடித்து வெட்டினால் பார்வைக்கு லட்சணமாக இருக்கும். ஒரு தடவை துவைத்தால் போதும், பனியனின் பக்கத் தையல் தொப்புளுக்கு வந்துவிடும். அதனால் வெட்டுகிறவர்கள் விளிம்பை நம்பமாட்டோம். பின்னல் கண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்த ஓட்டத்தைப் பார்த்து மடிப்போம். அன்றைக்கும் புதுத் துணியை விரித்ததும் மாஸ்டர் வழக்கம்போலச் சொன்னார்: "ஓட்டம் பாத்து மடிங்க அம்மிணி."

தினமும் கேட்கிற வார்த்தைதான். அன்றைக்குக் கத்தரி அப்படியே கையில் நின்றது.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு ஓடிவந்தேன். மேசையில் கோடு போடுகிற நீலச் சாக்கட்டி ஒன்றையும் கையோடு எடுத்து வந்திருந்தேன். இவர் மிஷினைக் கட்டி அனுப்பக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அதை நேராக்கறத உட்டுப்போட்டு, அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தீங்களா?"

"கோணலா ஓடுதுன்னுதான் அனுப்பறன்."

"துணிகூடக் கோணலாத்தானுங்க ஓடுது. நாங்க என்ன திருப்பியா அனுப்பறோம்? அந்த ஓட்டத்துக்கு வழிப்பலகைய வெச்சுப் பாருங்க."

"வழிப்பலகையக் கோணலா வெச்சா கோணலாத்தான் அறுக்கும். துணி வேற, மரம் வேற அம்மிணி."

"நேராத்தான வெச்சீங்க? நேரா அறுத்துச்சுங்களா?"

அவர் கயிறு தேடுவதை நிறுத்தினார். அந்தச் சந்தில் நான் உள்ளே நுழைந்துவிட்டேன். வழிப்பலகையைக் கழற்றச் சொன்னேன். ஒரு துண்டுப் பலகையில் நீளவாட்டில் நீலக் கோடு போட்டேன். மிஷினை ஓடவிட்டு, எந்த அணைப்பும் இல்லாமல், கோட்டை மட்டும் பார்த்துப் பலகையை இடக்கையால் தள்ளினேன். பட்டை கோட்டிலேயே போகவேண்டுமானால் பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. சாய்த்ததும் அது தானாகச் சமாதானமாகி, வெண்ணெயில் போவது போலப் போனது. பாதி வழியில் நிறுத்தி, பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மிஷினை அணைக்கச் சொன்னேன். பலகை எந்தச் சாய்வில் நின்றதோ அந்தச் சாய்விலேயே அதன் ஓரமாக மேசை மேல் நீலக் கோடு இழுத்தேன்.

"இந்தக் கோட்டுல வையுங்க" என்றேன்.

அவர் மனசில்லாமல்தான் வைத்தார். நேராக நிற்பதற்கென்றே பிறந்த மனுஷன், கோணலாக ஒன்றை இறுக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டுமே! பலாப்பலகையை அணைத்துத் தள்ளினார். ஏடு விழுந்தது. தலையிலும் வாலிலும் விரலால் தடவிப் பார்த்தார். திருப்பிப் போட்டுத் தடவினார். நூல் பிடித்த மாதிரி ஒரே கனம். நம்பாமல் இன்னொன்று அறுத்தார். அதுவும் அப்படியே.

அப்புறம் ஏட்டைப் பார்த்துக்கொண்டே, "உன்ற கை கோணலில்ல அம்மிணி" என்றார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதுங்களாக்கும்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்ப்பது போல உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மிஷின் வண்டியேறவில்லை. என் பலகைதான் பரணிலிருந்து இறங்கியது. தம்பியை எண்ணெய்க் கேனோடு தெருவிலேயே நிறுத்திவிட்டோம். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, வழிப்பலகையில் அணைத்து, இவர் ஒரு பக்கம் தள்ள, நான் எதிர்ப்பக்கம் வெளியே வரும் முனையைத் தாங்கினேன். இத்தனை வருஷம் நின்ற அதே இடங்கள்தான். ஆனால் இழுக்க வேண்டியதில்லை, வாய்ச்சண்டையும் இல்லை. ஊதா நிறத் தூள் அவர் தலையெல்லாம் படிந்தது. ஈட்டி மரத்தின் இனிப்பு வாசனை தெரு வரைக்கும் போனது. கடைசி விரற்கடையும் அறுபட்டது. இரண்டு ஏடும் பிரிந்தன. புத்தகம் போல விரித்து வைத்தார். ஒரு பக்கத்தில் ஓடிய நெருப்பு வரி, கண்ணாடியில் பார்ப்பது போல மறுபக்கத்திலும் ஓடியது. என் அப்பா தந்த கட்டிலுக்குள் இப்படி ஒன்று இத்தனை நாள் மூடிக்கிடந்திருக்கிறது. நான் வாய்விட்டே அழுதேன். சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் என்னை விடவில்லை. வெளிநாட்டுப் பின்னல் மிஷின் வந்த மரப்பெட்டியின் வெள்ளைப் பலகையைத் தம்பி கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தான். முன்பக்கத்துக்கு அதுதான். முடிந்ததும் காட்டுகிறேன், வந்து சுதி சேர்த்தால் போதும் என்றார் இவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தபோது, "கம்பி கட்டியாச்சு அம்மிணி, வந்து பாரு" என்று கூப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு போவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பாட்டுக் குழு வாத்தியார்.

கிதார் பெஞ்சின் மேல் கிடந்தது. வாத்தியார் அதன் முதுகைத் திருப்பிப் பார்த்து, "அடேங்கப்பா!" என்றார்.

"வர்ற ஈஸ்டருக்கு இத எடுத்துட்டுப் போறனுங்க. முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்தர்றன்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கமான அதே முகம், கேட்டுப்போட்டாங்களே என்கிற முகம். "எடுத்து வாசிச்சுப் பாருங்க" என்றார். சரி, மூன்றாவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியார் மடியில் வைத்து ஆணிகளை முறுக்கினார். விரலால் வருடினார். நெற்றி சுருங்கியது. குனிந்து கம்பிகளைப் பார்த்தார். மேலே இருக்கவேண்டிய தடித்த கம்பி கீழே இருந்தது. இத்தனை பாடுபட்டவர் கம்பியைத் தலைகீழாகக் கட்டிவிட்டாரே என்று எனக்கு அவமானமாகப் போயிற்று.

"கம்பி மாறிப் போச்சுங்களே. பரவால்லீங்க, ஊட்டுல போயி நானே மாத்திக் கட்டிக்கறன்."

"முடியாதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"அது பீச்சாங்கை கிதாருங்க. கம்பி மட்டுமில்ல, உள்ள ஒட்டுன குச்சி எல்லாமே அவ கைக்குத் தக்கன மாத்தி ஒட்டியிருக்குதுங்க. இனி யாரு கேட்டாலும் குடுக்க முடியாதுங்க, குடுத்தாலும் அவங்களுக்குப் பாடாதுங்க."

வாத்தியார் கிதாரை வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். இல்லை என்று சொல்ல வராத மனுஷன், சொல்லவே தேவையில்லாதபடி ஒன்றைச் செய்து, அப்புறம் சொல்லியும்விட்டார்.

நான் உட்கார்ந்து அதை மடியில் எடுத்தேன். சுதி சேர்த்தேன். இடக்கையால் வருடினேன். தடித்த கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே, எல்லாம் அதனதன் இடத்தில். விடுதி நாளிலிருந்து தலைகீழாகப் பழகிய என் விரல்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மனப்பாடமான பாட்டில் ஒரு வரிகூடச் சரியாக வரவில்லை. சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

பெஞ்சின் அந்தப் பக்கம் உட்கார்ந்து தாளம் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தவர், "ஏன் நிறுத்திப்போட்டே? நெம்ப நல்லாருக்குது அம்மிணி, வாசி" என்றார்.